கம்பெனி போய்விட்டது, சிப் இருக்கிறது: ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ் ஓர் அறிமுகம்

பர்சனல் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் கலிபோர்னியா, ஒரு கார் ஷெட், ஆப்பிளின் இரண்டு ஸ்டீவ்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். தப்பில்லை. ஆனால் அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஊரில் வேறொரு கூட்டமும் இதே வேலையில் மூழ்கிக் கிடந்தது. அந்தக் கம்பெனியின் பெயர் ஏகார்ன். இன்று அது இல்லை, 1990-களோடு அதன் கதை முடிந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் இதை போனில் படித்துக்கொண்டிருந்தால், அந்த போனை ஓட்டும் பிராசஸரின் வம்சம் ஏகார்னில்தான் ஆரம்பிக்கிறது. ஆண்ட்ராய்டா ஐபோனா என்ற கேள்விக்கே இடமில்லை, இரண்டிலும் அதேதான்.

கம்ப்யூட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றுமே தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம், வேண்டியதை அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் பிராசஸர். மெமரியில் வரிசையாக எழுதி வைத்திருக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் சொன்னதைச் செய்துவிட்டு, அடுத்ததற்குப் போகும் சிப், அவ்வளவுதான். கட்டளைகளும் பெரிதாக ஒன்றும் இருக்காது. இந்த எண்ணோடு அந்த எண்ணைக் கூட்டு, விடையை இந்த இடத்தில் வை, பூஜ்யமா என்று பார், பூஜ்யமென்றால் வேறொரு இடத்துக்குத் தாவு. இப்படிப்பட்ட சின்னச் சின்ன வேலைகளை ஒரு நொடியில் கோடிக்கணக்கில் செய்வதால்தான் திரையில் படம் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது. 1970-களின் நடுவில் இப்படிப்பட்ட சிப்புகள் திடீரென்று மலிந்தன. 1975-ல் வந்த 6502 என்ற சிப்பின் விலை 25 டாலர்தான், போட்டிக் கம்பெனிகள் அதைப் போலப் பல மடங்கு கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஆப்பிள் 2, கமடோர் பெட், அட்டாரி என்று அந்தக் காலத்தின் பெயர்பெற்ற பெட்டிகள் பலவற்றிலும் இருந்தது இந்த 6502-தான். ஏகார்னும் அதைத்தான் பிடித்துக்கொண்டது.

1978 டிசம்பரில் ஹெர்மன் ஹவுசர், கிறிஸ் கரி என்ற இருவர் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள். ஹவுசர் வியன்னாக்காரர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆராய்ச்சி செய்ய வந்தவர். கரி, கால்குலேட்டரும் எலெக்ட்ரானிக் கிட்டும் விற்றுக்கொண்டிருந்த கிளைவ் சின்கிளேரிடம் பல வருஷம் வேலை பார்த்தவர். சின்கிளேர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு அடிதடியில் வருவார். இவர்களுக்குக் கிடைத்த முதல் வேலை, காசு போட்டு விளையாடும் சூதாட்ட எந்திரத்துக்குக் கன்ட்ரோலர் செய்து தருவது. கம்பெனிப் பெயராக ஏகார்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு குறும்பான காரணம் உண்டு, டெலிபோன் டைரக்டரியில் அது ஆப்பிளுக்கு முன்னால் வரும்.

அங்கே வந்து சேர்ந்தவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் சோஃபி வில்சன், அப்போது கேம்பிரிட்ஜ் மாணவி, ஒரு விடுமுறையில் மாடுகளுக்குத் தீனி அளந்து போடும் கருவிக்கு எலெக்ட்ரானிக்ஸ் வடிவமைத்தவர். இன்னொருவர் ஸ்டீவ் ஃபர்பர், அதே பல்கலைக்கழகத்தில் ஏரோடைனமிக்ஸ் படித்துக்கொண்டே பொழுதுபோக்குக்காகக் கம்ப்யூட்டர் கட்டியவர். 1979-ல் வில்சன் வடிவமைப்பில் ஏகார்ன் சிஸ்டம் 1 வந்தது. இன்றைய கண்ணுக்கு அது கம்ப்யூட்டர் போலவே இருக்காது. இரண்டு சர்க்யூட் போர்டு, பழைய கால்குலேட்டர் போலச் சிவப்பு எண்கள் எரியும் ஒரு டிஸ்ப்ளே, கொஞ்சம் பட்டன்கள். 1980-ல் ஆட்டம் வந்தது. இதற்கு ஒழுங்கான கீபோர்டு உண்டு, டிவியில் இணைக்கலாம், நாமே சால்டரிங் வைத்துக் கட்டிக்கொள்வதானால் 120 பவுண்டு, கட்டிய பெட்டியாக வேண்டுமென்றால் 170. ஓரளவு விற்றது. கம்பெனி பிழைத்துக்கொண்டது. இதுவரை நடந்தது போல அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏராளமான கம்பெனிகளுக்கு நடந்தது, அதனால் இங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை.

ஒரு வாரத்தில் ஒரு கம்ப்யூட்டர்

அடுத்து நடந்ததுதான் வேறு யாருக்கும் நடக்காதது. மைக்ரோசிப்பால் எத்தனை பேர் வேலை போகப்போகிறதோ என்ற பயம் 1978-லிருந்தே பிரிட்டனில் பரவியிருந்தது. இன்று ஏஐ பற்றிப் பேசுகிற அதே தொனியில் பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, மக்களுக்குக் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று பிபிசி ஒரு பெரிய திட்டம் போட்டது. டிவி தொடர், புத்தகம், அதோடு கூடவே பிபிசி பெயரிலேயே ஒரு கம்ப்யூட்டர். டிவியில் காட்டுவதை வீட்டில் அப்படியே செய்து பார்க்க வேண்டும், அதற்குத்தான். முதலில் வேறொரு பிரிட்டிஷ் கம்பெனியின் பெட்டியை வைத்துத் திட்டமிட்டார்கள், அது நேரத்துக்குத் தயாராகவில்லை. அதனால் 1981-ன் தொடக்கத்தில் மற்ற கம்பெனிகளுக்கும் கதவு திறந்தது. சின்கிளேரும் கேட்டார், ஏகார்னும் கேட்டது.

ஏகார்னிடம் அப்போது புரோட்டான் என்ற அடுத்த கம்ப்யூட்டருக்கான யோசனை மட்டும் இருந்தது. காகிதத்தில். பிபிசிக்காரர்கள் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்கள். ஹவுசர் வார ஆரம்பத்தில் செய்த தந்திரத்தைச் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோருமே பின்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். வில்சனிடம் போய், ஒரு வாரத்தில் இதைச் செய்துவிடலாம் என்று ஃபர்பர் சொல்கிறாரே என்றாராம். ஃபர்பரிடம் போய், செய்துவிடலாம் என்று வில்சன் சொல்கிறாரே என்றாராம். இரண்டு பேருக்குமே அது முடியாத காரியம் என்று தெரியும், ஆனால் மற்றவர் ஒப்புக்கொண்ட பிறகு நாம் மட்டும் எப்படி மறுப்பது. ராப்பகலாக உட்கார்ந்து படம் போட்டு, நூற்றுக்கணக்கான கம்பிகளைக் கையாலேயே சுற்றி இணைத்தார்கள். வெள்ளி காலை வரை அந்தப் போர்டு உயிர் பெறவில்லை. சோதனைக்காக அதை இன்னொரு கம்ப்யூட்டரோடு ஒரு கேபிளால் கட்டி வைத்திருந்தார்கள், அந்தக் கேபிளைத்தான் கழற்றிப் பாருங்களேன் என்று ஹவுசர் சொல்ல, கழற்றியதும் ஓட ஆரம்பித்துவிட்டது. சில மணி நேரத்தில் பிபிசி ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒப்பந்தம் ஏகார்னுக்கு.

இப்படி வந்ததுதான் பிபிசி மைக்ரோ. மாடல் ஏ, மாடல் பி என்று இரண்டு. விலை முதலில் 235, 335 பவுண்டு என்று அறிவித்தார்கள், சீக்கிரமே 299, 399 என்று ஏற்றிவிட்டார்கள். மலிவில்லை. 1982-ல் சின்கிளேரின் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டிலேயே கிடைத்தது, வீட்டில் கேம் ஆடும் பிள்ளைகள் அதைத்தான் வாங்கினார்கள். பிபிசி மைக்ரோவோ பள்ளிக்கூடத்து இயந்திரம். பள்ளிகள் கம்ப்யூட்டர் வாங்கினால் பாதி விலையை அரசாங்கம் தருகிறது என்ற திட்டமும் கைகொடுத்தது. மொத்தம் 12,000 விற்றால் பெரிய விஷயம் என்று நினைத்து ஆரம்பித்தது, கடைசியில் விற்றது 15 லட்சத்துக்குப் பக்கம்.

அப்படி அதில் என்ன இருந்தது? மாடல் பி-யில் 32 கிலோபைட் ரேம். வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படம்கூட இதில் அடங்காது. ஆனால் இயந்திரத்தை ஆன் செய்த மறு நொடியே பேசிக் மொழி தயாராக நிற்கும், ஏனென்றால் அது, மின்சாரம் போனாலும் அழியாத ரோம் சிப்பிலேயே பதிந்திருந்தது. பேசிக் என்பது புதியவர்களுக்காகவே உண்டான புரோகிராமிங் மொழி. அந்தக் காலத்து பேசிக்குகள் பெரும்பாலும், பத்தாம் வரியிலிருந்து ஐம்பதாம் வரிக்குத் தாவு, அங்கிருந்து இருபதுக்குத் தாவு என்று நூடுல்ஸாகத்தான் எழுத விடும். வில்சன் எழுதிய பிபிசி பேசிக்கில் ஒரு வேலைக்குப் பெயர் வைத்துத் தனியாக எழுதி, வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ள முடிந்தது. அதைவிடப் பெரிய விஷயம், பேசிக்குக்கு நடுவிலேயே பிராசஸருக்கு நேரடியாகப் புரியும் அசெம்பிளி கட்டளைகளையும் எழுதலாம். ஒரு பிள்ளை எளிய மொழியில் ஆரம்பித்து, அதே கீபோர்டில், அதே திரையில், கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரத்தின் அடிவயிறு வரைக்கும் போய் வந்துவிடலாம். இப்போது வரும் எத்தனையோ கற்றல் கருவிகளில் இந்த வசதி இல்லை என்பது என் வருத்தம்.

பின்பக்கமும் அடிப்பக்கமும் முழுக்கக் கேபிள் சொருகும் இடங்கள். பிரிண்டர், டிஸ்க், ஜாய்ஸ்டிக், ஆய்வகக் கருவிகளை இணைக்க ஒன்று, வகுப்பில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரையும் சங்கிலியாகக் கோக்க எகோநெட் என்ற நெட்வொர்க். அதோடு டியூப் என்று ஒன்று. அதில் இன்னொரு பிராசஸரையே வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டிவிடலாம். கீபோர்டு, திரை வேலைகளைப் பழைய 6502 பார்த்துக்கொள்ளும், கணக்குப் போடுவதைப் புதியது பார்த்துக்கொள்ளும். அப்போது யாருக்கும் பெரிதாகத் தோன்றாத இந்த டியூப் இல்லையென்றால் பின்னால் வந்த கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

1984-ல் இதில் எலைட் என்ற கேம் வந்தது. இயன் பெல், டேவிட் பிராபன் என்று இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதியது. விண்கப்பலில் ஏறி, சரக்கு வாங்கி விற்று, கொள்ளைக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டே கிரகம் கிரகமாகச் சுற்ற வேண்டும். எட்டு கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 கிரகம், ஒவ்வொரு கிரகத்துக்கும் பெயர், ஆட்சி, சந்தை விலை. 32 கிலோபைட்டில் இதையெல்லாம் எங்கே வைப்பது? எங்கேயும் வைக்கவில்லை. சில எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கணக்குச் சூத்திரத்தால் ஒவ்வொரு கிரகத்தையும் தேவைப்படும்போது உண்டாக்கினார்கள். சூத்திரம் மாறாததால் எப்போது போனாலும் அதே கிரகம் அதே இடத்தில் இருக்கும். இன்றைய பெரிய கேம்களும் இந்த உத்தியைப் பயன்படுத்துகின்றன.

நம் ஊருக்கும் இந்தப் பெட்டி வந்தது. இந்திய அரசு 1984-ல் 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் ஆரம்பித்தபோது தேர்ந்தெடுத்தது பிபிசி மைக்ரோவைத்தான். முதல் கட்டத்தில் சுமார் 250 பள்ளிகள். சண்டிகர் பக்கம் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் உரிமம் வாங்கி இங்கேயே அதைத் தயாரிக்கவும் செய்தது. அந்தத் தலைமுறையில் ஏசி போட்ட அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாழ்க்கையில் முதல் கம்ப்யூட்டரைத் தொட்டவர்களில் கொஞ்சம் பேர் தொட்டது ஏகார்னின் கீபோர்டைத்தான், பெயர் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ.

சரக்கு இருந்தது, வாங்க ஆள் இல்லை

1983 செப்டம்பரில் ஏகார்ன் பங்குச் சந்தைக்கு வந்தபோது கம்பெனியின் மதிப்பு 135 மில்லியன் பவுண்டு. நிறுவியவர்கள் காகிதத்தில் கோடீஸ்வரர்கள். இரண்டு வருஷத்துக்குள் திவாலின் வாசலில் நின்றார்கள். எப்படி?

எலெக்ட்ரான் என்ற பெட்டிதான் முதல் காரணம். ஸ்பெக்ட்ரமோடு மோத, பிபிசி மைக்ரோவைச் சுருக்கி 199 பவுண்டுக்குக் கொண்டுவந்தார்கள். விலையைக் குறைக்க, பல சிப்புகள் செய்த வேலையை ஒரே பெரிய சிப்பில் அடைத்தார்கள். யூஎல்ஏ என்பார்கள் அதை. அந்தச் சிப் சரியாக உற்பத்தியாகவில்லை. 1983 கிறிஸ்துமஸுக்கு லட்சக்கணக்கில் ஆர்டர் குவிந்திருந்தபோது கடைக்குப் போய்ச் சேர்ந்தது அதில் பத்தில் ஒரு பங்குதான். பிரிட்டனில் வீட்டுக் கம்ப்யூட்டர் விற்பனை என்றால் கிறிஸ்துமஸ்தான், நமக்குத் தீபாவளிக்குத் துணிக்கடை போல. அடுத்த வருஷம் இந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று ஏராளமாகத் தயாரிக்கச் சொல்லி ஒப்பந்தம் போட்டார்கள். அந்த 1984-ல் சந்தையே படுத்துவிட்டது. வாங்க நினைத்தவர்கள் எல்லாம் போன வருஷமே வேறு ஏதாவது வாங்கிவிட்டிருந்தார்கள். கிடங்கில் மூட்டை மூட்டையாக எலெக்ட்ரான்.

இதற்கு நடுவில் அமெரிக்காவில் விற்கப் போய் அங்கேயும் காசைக் கொட்டினார்கள். அந்த நாட்டு ரேடியோ குறுக்கீட்டு விதிகளுக்காகப் பெட்டியை மாற்ற வேண்டியிருந்தது, ஆப்பிள் ஏற்கெனவே பள்ளிகளில் உட்கார்ந்திருந்தது, அதை மீறி யாரும் இவர்களைச் சீந்தவில்லை.

அப்புறம் அந்த அடிதடி. 1984 கிறிஸ்துமஸ் சமயத்தில் சின்கிளேர் பெட்டிகள் எத்தனை சதவீதம் பழுதாகித் திரும்பி வருகின்றன என்று கிண்டலடித்து ஏகார்ன் ஒரு விளம்பரம் போட்டது. கேம்பிரிட்ஜில் பேரன் ஆஃப் பீஃப் என்று ஒரு பப். அங்கே உட்கார்ந்திருந்த கிறிஸ் கரியைப் பார்த்ததும் சர் பட்டம் வாங்கிய கிளைவ் சின்கிளேர் கையிலிருந்த பேப்பரைச் சுருட்டிக்கொண்டு அடிக்கப் பாய்ந்துவிட்டார். பழைய முதலாளியும் பழைய தொழிலாளியும். நாளிதழ்களுக்கு நல்ல தீனி. ஆனால் அந்த நேரத்தில் இரண்டு பேருடைய கம்பெனியுமே உள்ளுக்குள் மூழ்கிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1985 பிப்ரவரியில் ஏகார்னின் ஏறக்குறைய பாதிப் பங்கை இத்தாலியின் ஒலிவெட்டி சுமார் 12 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது, அதே வருஷம் பெரும்பான்மையையும் எடுத்துக்கொண்டது. 1986-ல் சின்கிளேர் தன் கம்ப்யூட்டர் வியாபாரத்தை ஆம்ஸ்ட்ராட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு 5 மில்லியன் பவுண்டுக்கு விற்றுவிட்டார்.

மூலையில் நடந்துகொண்டிருந்த வேலை

கதையின் உண்மையான விஷயமே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகவே போவோம்.

6502 ஒரு எட்டு பிட் சிப். ஒரு தடவையில் 0-விலிருந்து 255 வரையுள்ள ஒரு எண்ணைத்தான் அதனால் கையாள முடியும், பெரிய எண் என்றால் துண்டு துண்டாகப் போட வேண்டும். ஜன்னல், ஐகான், மவுஸ் என்று கம்ப்யூட்டர்கள் மாறத் தொடங்கியிருந்தன, அதற்கு 16 பிட், 32 பிட் பிராசஸர் வேண்டும். வில்சனும் ஃபர்பரும் அப்போது சந்தையில் இருந்த பெரிய சிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து டியூபில் மாட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை.

ஏன் என்றால், பிபிசி மைக்ரோவைக் கட்டியபோதே அவர்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அதில் ரேம் நொடிக்கு 40 லட்சம் முறை தகவல் தரும். பாதியைப் பிராசஸர் எடுத்துக்கொள்ளும், மீதிப் பாதியைத் திரை எடுத்துக்கொள்ளும், மாறி மாறி, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அந்தப் பெட்டி வேகமாக இருந்ததற்கு இதுதான் ரகசியம். ஒரு கம்ப்யூட்டரின் வேகம் பிராசஸரின் மேதாவித்தனத்தைவிட, மெமரியிலிருந்து எவ்வளவு சீக்கிரம் தகவலை இழுக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். விலை உயர்ந்த அந்தப் பெரிய சிப்புகளோ, மெமரி தரத் தயாராக இருந்ததை முழுசாக வாங்கிக்கொள்ளவே இல்லை. சில சிக்கலான கட்டளைகளை முடிக்க நூற்றுக்கணக்கான கடிகாரத் துடிப்புகள் (பிராசஸர் வேலை செய்யும் தாளம் அது) எடுத்துக்கொண்டன, அதுவரை வேறு எதையும் கவனிக்காது.

அந்தச் சமயம் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் கைக்கு வந்தன. ரிஸ்க் (RISC) என்ற யோசனை. ஆபத்து என்ற அர்த்தத்தில் இல்லை, குறைவான கட்டளைகள் கொண்ட கம்ப்யூட்டர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பிராசஸருக்குச் சிக்கலான கட்டளைகளைக் கற்றுக்கொடுக்காதே, கொஞ்சமாக, எளிதாக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே துடிப்பில் முடியும்படி வை. சிக்கலான வேலை வந்தால் பல எளிய கட்டளைகளாகப் பிரித்து எழுதிக்கொள்ளட்டும். கட்டளைகளின் எண்ணிக்கை கூடும்தான், ஆனால் ஒவ்வொன்றும் பறக்கும் என்பதால் மொத்தத்தில் லாபம். சிப்பும் சின்னதாக இருக்கும். பெர்க்லியில் மாணவர்களே இப்படி ஒரு சிப்பைச் செய்து காட்டியிருந்தார்கள்.

அதுவரை பிராசஸர் வடிவமைப்பு என்றால் ஆயிரம் இன்ஜினியர்கள், கோடிக்கணக்கில் பணம் என்ற பயம் இருந்தது. 1983-ல் வில்சனும் ஃபர்பரும் 6502-வின் அடுத்த வடிவத்தைப் பார்க்க அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போனார்கள். பளபளவென்று பெரிய ஆபீஸ் இருக்கும் என்று போனால், ஊர்ப்புறத்தில் ஒரு சாதாரண வீடு, உள்ளே கோடை விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் சிப்பை வரைந்துகொண்டிருக்கிறார்கள். இவர்களால் முடியுமென்றால் நம்மாலும் முடியும். திரும்பி வந்து அந்த அக்டோபரிலேயே வேலை ஆரம்பித்துவிட்டது.

வில்சன் கட்டளைகளை வடிவமைத்தார், ஃபர்பர் அவற்றை நிறைவேற்றும் உள் அமைப்பைச் செய்தார். காகிதத்தில் இருக்கும் சிப் சரியாக ஓடுமா என்று சோதிக்க அதைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு புரோகிராம் வேண்டும் அல்லவா, அதை எழுதியது எதில் தெரியுமா? பிபிசி பேசிக்கில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான மொழியில், ஃபர்பர் எழுதிய மாதிரி 808 வரி. எங்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை, அதனால்தான் சிப் எளிமையாக வந்தது என்று ஹவுசர் பிற்காலத்தில் தமாஷாகச் சொல்வார். அது பாதிதான் சரி என்பது என் கருத்து. பணமில்லாத கம்பெனிகள் அன்று கேம்பிரிட்ஜில் தெருவுக்குத் தெரு இருந்தன. மெமரி பற்றிய அந்தத் தெளிவு இந்த இரண்டு பேரிடம்தான் இருந்தது.

1985 ஏப்ரல் 26. தயாரித்துக் கொடுத்த விஎல்எஸ்ஐ கம்பெனியிலிருந்து முதல் சிப் வந்து சேர்ந்தது. டியூப் வழியாக ஒரு பிபிசி மைக்ரோவில் மாட்டினார்கள். முதல் தடவையே ஓடியது. சிப் உலகில் இது அபூர்வம். பெயர் ஏகார்ன் ரிஸ்க் மெஷின், சுருக்கமாக ஆர்ம். உள்ளே இருந்த டிரான்சிஸ்டர்கள் சுமார் 25,000. அதே வருஷம் இன்டெல் வெளியிட்ட 386-ல் 2,75,000.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. சிப் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஃபர்பர் அளந்து பார்த்தால் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா என்று பார்த்தால் இல்லை, போர்டில் சிப்புக்குப் போக வேண்டிய மின் இணைப்பே போடாமல் விட்டிருக்கிறார்கள். அப்புறம் எப்படி ஓடியது? பக்கத்துச் சிப்புகளிலிருந்து சிக்னல் கால்கள் வழியாகக் கசிந்த மின்சாரமே அதற்குப் போதுமானதாக இருந்தது!

இவ்வளவு சிக்கனம் எதற்கு? செல்போனை மனதில் வைத்தா? கிடையவே கிடையாது. அதிகம் சூடாகும் சிப்புக்கு விலை உயர்ந்த செராமிக் உறை போட வேண்டும், ஒரு வாட்டுக்குள் அடக்கிவிட்டால் மலிவான பிளாஸ்டிக் உறை போதும். சில பவுண்டுகளை மிச்சம் பிடிக்கத்தான் பார்த்தார்கள். கணக்குப் போடும் கருவிகள் சரியாக இல்லாததால் எல்லா இடத்திலும் கொஞ்சம் அதிகமாகவே மிச்சம் பிடித்தார்கள், கடைசியில் அது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்து நின்றது. வேண்டியதைவிடப் பத்து மடங்கு சிக்கனம்.

பெட்டியை விட்டு வரைபடத்தை விற்றார்கள்

1987-ல் இந்த வம்சத்தின் அடுத்த சிப்பை வைத்து ஆர்க்கிமிடீஸ் என்ற கம்ப்யூட்டர் வந்தது. அந்த விலையில் அந்த வேகம் வேறு யாரிடமும் இல்லை. ரிஸ்க் ஓஎஸ் என்ற அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் நன்றாகவே இருந்தது. ஆனால் உலகம் ஐபிஎம் பிசி பக்கம் போய்விட்டிருந்தது, பிசி புரோகிராம்கள் இதில் நேராக ஓடாது, பிரிட்டிஷ் பள்ளிகளைத் தாண்டி அது பெரிதாகப் போகவில்லை. நல்ல சரக்கு இருந்தால் தானாக விற்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஆர்க்கிமிடீஸைக் காட்டலாம்.

திருப்பம் ஆப்பிளிடமிருந்து வந்தது. கையில் பிடித்துக்கொள்ளும் நியூட்டன் என்ற கருவியை ஆப்பிள் செய்துகொண்டிருந்தது. பேட்டரியில் ஓட வேண்டும், ஆனால் வேகமும் வேண்டும். ஆர்ம் பொருத்தமாக இருந்தது, போட்டிக் கம்பெனியான ஏகார்னிடம் போய் வாங்கத்தான் மனமில்லை. எனவே 1990 நவம்பரில் ஏகார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ மூன்றும் சேர்ந்து தனிக் கம்பெனியாக அதைப் பிரித்தார்கள். ஏகார்ன் என்ற பெயரை எடுத்துவிட்டு அட்வான்ஸ்டு ரிஸ்க் மெஷின்ஸ் என்று வைத்தார்கள். ஏகார்னிலிருந்து 12 இன்ஜினியர்கள், கேம்பிரிட்ஜுக்கு வெளியே ஒரு கிராமத்தில் பழைய தானியக் களஞ்சியம், அதுதான் ஆபீஸ். தலைமைக்கு ராபின் சாக்ஸ்பி வந்தார்.

நியூட்டன் 1993-ல் வந்து சரியாகப் போகவில்லை. ஆனால் சாக்ஸ்பி பிடித்த வழி வேறு. ஆர்ம் சிப் தயாரிக்காது, விற்காது. வடிவமைப்பை மட்டும் உரிமம் கொடுக்கும். வாங்குகிற கம்பெனி முதலில் ஒரு தொகை தர வேண்டும், பிறகு தயாரிக்கும் ஒவ்வொரு சிப்புக்கும் கொஞ்சம் காசு. ஃபேக்டரி செலவு இல்லை, கிடங்கில் சரக்குத் தேங்கும் பயம் இல்லை. எலெக்ட்ரான் ஏகார்னைக் கவிழ்த்த அதே பள்ளத்தில் ஆர்ம் விழவே வழியில்லாத ஏற்பாடு இது. யார் வேண்டுமானாலும் அந்த வடிவத்தை எடுத்து, தங்களுக்கு வேண்டிய ரேடியோ, கேமரா பாகங்களைச் சேர்த்து ஒரே சிப்பாகச் செய்துகொள்ளலாம்.

செல்போன்கள் பரவ ஆரம்பித்த நேரம். புரோகிராம் அதிக மெமரியை அடைக்கிறது என்று போன் கம்பெனிகள் தயங்கியபோது, கட்டளைகளைப் பாதி அளவுக்குச் சுருக்கி எழுதும் வசதியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பாம்பு விளையாட்டோடு வந்த நோக்கியா 6110 ஞாபகமிருக்கிறதா? அதற்குள் இருந்தது ஆர்ம்தான். அதன் பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1998 ஏப்ரலில் ஆர்ம் பங்குச் சந்தைக்கு வந்தது.

ஏகார்னுக்கு என்ன ஆனது? 1998 செப்டம்பரில் அடுத்த கம்ப்யூட்டர் ஏறக்குறையத் தயாராக இருந்தபோதே அதைக் கைவிட்டு, டெஸ்க்டாப் பிரிவை மூடிவிட்டார்கள். அந்தக் கட்டத்தில் ஏகார்ன் கையில் இருந்த ஆர்ம் பங்கின் மதிப்பு மொத்த ஏகார்னின் சந்தை மதிப்பைவிட அதிகம். பெட்டியைவிட உள்ளே இருக்கும் நகைக்கு விலை அதிகம் என்றால் என்ன செய்வார்கள்? 1999-ல் ஒரு முதலீட்டு வங்கி கம்பெனியை வாங்கி, பங்குகளைப் பிரித்துக் கொடுத்து, கணக்கை முடித்துவிட்டது. மிச்சமிருந்த இன்ஜினியர்கள் சிலர், வில்சன் உட்பட, எலிமென்ட் 14 என்று தனியாகப் போய், அதை 2000-ல் அமெரிக்கச் சிப் கம்பெனியான பிராட்காம் வாங்கியது. ஃபர்பர் 1990-லேயே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய்விட்டிருந்தார்.

ஆர்மை 2016-ல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 24 பில்லியன் பவுண்டுக்கு வாங்கியது, 2023-ல் அது மறுபடி பங்குச் சந்தைக்கு வந்தது. இதுவரை விற்ற ஆர்ம் சிப்புகள் 25,000 கோடிக்கும் மேல். 2020-லிருந்து ஆப்பிளின் லேப்டாப்களும் ஆர்ம் கட்டளைகளில்தான் ஓடுகின்றன. இதில் எதுவும் ஏகார்னுக்கு ஒரு பைசா தரவில்லை.

தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. பிபிசி மைக்ரோவைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் புரோகிராம்கள் பிரவுசரிலேயே இலவசமாக ஓடுகின்றன, திறந்ததும் நேராக பேசிக்குக்குள் போய் நிற்கும், நாலு வரி அடித்துப் பார்க்கலாம். சொந்தமாகச் சின்னக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் 2012-ல் வந்த ராஸ்பெர்ரி பை இருக்கிறது, அதுவும் கேம்பிரிட்ஜ் சரக்கு, உள்ளே ஆர்ம், முதல் வடிவங்களுக்கு மாடல் ஏ, மாடல் பி என்று பெயர் வைத்ததே பிபிசி மைக்ரோவை நினைத்துத்தான். ஏகார்னின் பழைய ரிஸ்க் ஓஎஸ் இப்போது ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், அதை ஒரு மெமரி கார்டில் இறக்கி ராஸ்பெர்ரி பையில் போட்டால் ஓடும். மூன்று பட்டன் மவுஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதன் மெனுவெல்லாம் நடுப் பட்டனில்தான் திறக்கும்.